ஜப்பானிய ஜோஷி: தமிழ் வழியாகக் கற்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜப்பானிய மொழியில் பெயர்ச்சொல்லின் வடிவம் மாறுவதில்லை. யார் செய்தார், எதைச் செய்தார், எங்கே, எதனால் என்பதையெல்லாம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரும் சிறு சொற்களே காட்டுகின்றன. இவற்றின் பெயர் ஜோஷி. ‘ஐ’, ‘கு’, ‘இல்’ என்று வேற்றுமை உருபுகளோடு வளர்ந்தவர்களுக்கு இதன் அடிப்படை புதிதல்ல. ஆனால் அதே பழக்கம் சில இடங்களில் காலை வாரிவிடும். அந்த இடங்களைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசியிருக்கிறோம். ஜேஎல்பிடி என்னும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலைகளான என்5, என்4-இல் படிப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்தில் எப்படி வாசிப்பது?

குறில், நெடில் இரண்டும் எழுதியபடியே. ஜப்பானியத்தில் எ, ஒ இரண்டும் பெரும்பாலும் குறில்தான். அதைத் தமிழ் எழுத்து அப்படியே காட்டிவிடும். அதிர்வுள்ள ஒலியா இல்லாத ஒலியா என்பதை மட்டும் காட்டாது. அதனால் நான்கு ஜோஷிகளை மட்டும் நினைவில் வையுங்கள். வாக்கியக் கடைசியில் வரும் கேள்வி ‘க’வை ‘கடல்’ என்பதில் போலச் சொல்ல வேண்டும். ‘தொ’ என்றால் ‘தொழில்’ என்பதில் வரும் ஒலி. ‘தெ’ என்றால் ‘தெய்வம்’ என்பதில் வரும் ஒலி.

எழுவாயைக் காட்டும் ஜோஷியை இங்கே ‘ங’ என்று எழுதியிருக்கிறோம். ஜப்பானிய எழுத்து வகைகளில் ஒன்றான ஹிராகானாவில் அது ‘க’ எழுத்தின் வலது மேல்மூலையில் இரண்டு சிறு கோடுகள் போட்ட வடிவம். டோக்கியோவின் பழைய உச்சரிப்பில் அது மூக்கொலியாக, நம் ‘ங’ போலவே ஒலிக்கும். இன்றைய இளையோர் பலர் ‘கங்கை’ என்பதன் முதல் எழுத்தைப் போலச் சொல்கிறார்கள். இரண்டும் சரி.

எல்லா வாக்கியங்களையும் ஒருமுறை ஹிராகானாவில் எழுதிப் பாருங்கள். தமிழ் எழுத்து படித்துப் புரிந்துகொள்ள மட்டும்தான்.

மொத்தம் எத்தனை ஜோஷி இருக்கின்றன?

ஜப்பானியப் பள்ளி இலக்கணம் நான்கு வகையாகப் பிரிக்கிறது. வேற்றுமை காட்டுபவை, அழுத்தமோ வரையறையோ சேர்ப்பவை (வ, மொ, தகெ, ஷிக போன்றவை), வாக்கியங்களை இணைப்பவை, வாக்கியத்தின் கடைசியில் வருபவை (க, நெ, யொ). வேற்றுமை காட்டுபவை பத்து. அந்தப் பத்தையும் மனப்பாடம் செய்ய ஜப்பானிய மாணவர்களிடம் ஒரு வாசகம் உண்டு: ‘ஒநி ங தொ யொரி தெ, கர நொ ஹெய’. அரக்கன் கதவு வழியே வெளியேறினான், அறை காலி என்று பொருள். பிரித்துப் பார்த்தால் ஒ, நி, ங, தொ, யொரி, தெ, கர, நொ, ஹெ, ய என்று பத்தும் வரிசையாக வந்துவிடும்.

தொடக்கநிலைக்கு இந்தப் பத்தும், கூடவே வ, மொ, மதெ, க, நெ, யொ ஆகியவையும் போதும்.

‘ஹ’ என்று எழுதி ‘வ’ என்று வாசிப்பது ஏன்?

பழைய எழுத்துமுறையின் மிச்சம் அது. சொல்லின் நடுவில் வந்த ‘ஹ’ வரிசை ஒலிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ‘வ’ வரிசைக்கு மாறிவிட்டன. எழுத்து மட்டும் மாறவில்லை. 1946-இல் எழுத்துமுறையைப் பேச்சுக்கு ஏற்பச் சீர்திருத்தியபோது மூன்று ஜோஷிகளை மட்டும் பழையபடியே விட்டுவிட்டார்கள். 1986-இல் வந்த திருத்தமும் அதை மாற்றவில்லை. ‘ஹ’ என்று எழுதி ‘வ’ என்றும், ‘ஹெ’ என்று எழுதி ‘எ’ என்றும், ‘வொ’ என்று எழுதி ‘ஒ’ என்றும் வாசிக்கிறோம்.

விசைப்பலகையில் தட்டச்சு செய்யும்போது ஒலியைத் தட்டாதீர்கள், எழுத்தைத் தட்டுங்கள். ‘கொன்னிச்சிவ’ என்ற வாழ்த்தின் கடைசி எழுத்தும் இந்த ஜோஷிதான். அதையும் ‘ஹ’ என்றே எழுத வேண்டும். ‘வொ’ எழுத்து இன்று இந்த ஒரு வேலைக்குத்தான் பயன்படுகிறது. இடைவெளி இல்லாமல் ஓடும் ஜப்பானிய வரியில் அதைக் கண்டால், அதற்கு முன்னால் ஒரு பெயர்ச்சொல் முடிந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

‘வ’வுக்கும் ‘ங’வுக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் எழுவாய்தானே?

‘ங’ எழுவாய்க் குறி. ‘வ’ வேற்றுமையே காட்டுவதில்லை. இருவருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்து முன்னால் வைத்து, ‘இதைப் பற்றிச் சொல்கிறேன்’ என்று அறிவிப்பதுதான் அதன் வேலை. முன்னால் வைப்பது எழுவாயாகவும் இருக்கலாம், செயப்படுபொருளாகவும் இருக்கலாம், இடமாகவும் இருக்கலாம். ‘கொனொ ஹொன் வ கினோ யொமிமஷித’ என்றால் ‘இந்தப் புத்தகத்தை நேற்றுப் படித்தேன்’. இங்கே ‘வ’ வந்திருப்பது செயப்படுபொருளில்.

தமிழில் இதற்கென்று தனி உருபு கிடையாது. சொல்லை முன்னால் கொண்டுவந்தும் குரலை மாற்றியும் சமாளிக்கிறோம். அதனால்தான் ‘வ’ குழப்புகிறது. ‘ங’வுக்கு நல்ல துணை ஒன்று தமிழில் இருக்கிறது. ‘வதஷி வ குமார் தெஸ்’ என்றால் ‘நான் குமார்’. ‘வதஷி ங குமார் தெஸ்’ என்றால் ‘நான்தான் குமார்’. அறையில் யாரோ ‘குமார் யார்?’ என்று கேட்டிருந்தால்தான் இரண்டாவது பொருந்தும். அறிமுகத்தில் அதைச் சொன்னால் கேட்பவர் திகைப்பார்.

எதைப் போடுவது என்று தடுமாறும்போது இந்த வரிசையில் சோதியுங்கள்.

முதலில், அந்த இடத்தில் கேள்விச்சொல் இருக்கிறதா? யார், எது, எந்த என்று எழுவாய் கேள்வியாக இருந்தால் ‘ங’ மட்டும்தான். ‘தரெ ங கிமஷித க’ (யார் வந்தது?). பதிலும் அதே ஜோஷியோடு வரும்: ‘தனக ஸன் ங கிமஷித’ (தனகாதான் வந்தார்). ‘தரெ வ’ என்று ஆரம்பித்தால் தவறு. தெரியாத ஆளைத் தெரிந்தவராக முன்வைக்க முடியாது என்பதே காரணம்.

அடுத்து, எழுவாய் உள்வாக்கியத்தில் இருக்கிறதா? ‘அம்மா சமைத்த உணவு’ என்பதில் ‘அம்மா’ உள்வாக்கியத்தின் எழுவாய். அங்கே ‘ங’ போட வேண்டும்: ‘ஹஹ ங ட்ஸுகுத்த ர்யோரி’. ‘ஹஹ நொ ட்ஸுகுத்த ர்யோரி’ என்றும் சொல்லலாம். பெயரெச்சத் தொடரில் ‘ங’ ‘நொ’வாக மாறுவது வழக்கம். ‘ஹஹ வ’ என்று போட்டால் ‘அம்மா’ பெரிய வாக்கியத்தின் பேசுபொருளாகிவிடும், தொடர் உடைந்துவிடும்.

கடைசியாக, கண்ணெதிரே புதிதாக நிகழ்கிறதா? ‘அ, பஸு ங கித’ (அட, பஸ் வந்துடுச்சு). ‘அமெ ங ஃபுத்தெ இமஸ்’ (மழை பெய்கிறது). பார்த்ததை அப்படியே சொல்லும் வாக்கியங்களில் ‘ங’.

இந்த மூன்றும் இல்லையென்றால் தொடக்கநிலையில் ‘வ’ பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒரே வாக்கியத்தில் இரண்டு ‘வ’ வந்தால் ஒப்பீடு தொனிக்கும்: ‘ஸகன வ தபெமஸ் ங, நிகு வ தபெமஸென்’ (மீன் சாப்பிடுவேன், இறைச்சி சாப்பிடமாட்டேன்).

ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘வதஷி வ’ என்று தொடங்குவது மிகப் பரவலான பிழை. பேசுபொருள் ஒருமுறை வந்துவிட்டால் அது மாறும்வரை மறுபடி சொல்லத் தேவையில்லை. தமிழிலும் ‘வந்தேன், சாப்பிட்டேன்’ என்று ‘நான்’ இல்லாமலே பேசுகிறோம். அந்தப் பழக்கத்தைத் தயங்காமல் கொண்டுபோங்கள்.

‘எனக்கு ஜப்பானிய மொழி புரியும்’ என்பதில் ஏன் ‘ஒ’ வராது? ‘எனக்கு’ என்பதற்கு ‘நி’ போடலாமா?

‘வதஷி வ நிஹொங்கொ ங வகரிமஸ்’ என்பதே இயல்பான வாக்கியம். தமிழ் வாக்கியத்தையே உற்றுப் பாருங்கள்: ‘மொழி’ என்பதில் ‘ஐ’ இல்லை. புரிவது மொழி. ஆக அதுவே எழுவாய், அதற்கு ‘ங’. இந்த விஷயத்தில் தமிழர்களுக்குச் சிரமமே இருக்கக் கூடாது. ‘நிஹொங்கொ ஒ’ என்ற பிழை ஆங்கில விளக்கத்தின் வழியாகப் படிப்பதால் வருகிறது.

தமிழில் ‘எனக்கு’ கேட்கும் பயனிலைகள் பெரும்பாலும் ஜப்பானியத்தில் ‘வ … ங’ கேட்கும். பிடிக்கும் (ஸுகி), பிடிக்காது (கிரய்), புரியும் (வகரு), முடியும் (தெகிரு), வேண்டும் (ஹொஷீ) எல்லாம் அப்படித்தான். ‘நன்றாக வரும்’ என்பதற்கான ‘ஜோஸு’வும் ‘சரியாக வராது’ என்பதற்கான ‘ஹெத’வும் அதே கூட்டம். ஆனால் ‘எனக்கு’ என்பதை ‘வதஷி நி’ என்று மாற்றாதீர்கள். ‘வகரு’, ‘தெகிரு’ போன்றவற்றோடு ‘வதஷி நி வ’ சில இடங்களில் வரும். ‘ஸுகி’யோடு வராது. ‘வதஷி வ’ எங்குமே தவறாகாது.

இதன் உறவுக்கார வாக்கியம் ஒன்று ஜப்பானிய இலக்கண ஆய்வில் மிகப் புகழ்பெற்றது: ‘ஸோ வ ஹன ங நகய்’. இந்த வாக்கியத்தையே தலைப்பாக்கி இலக்கண அறிஞர் மிகாமி அகிரா 1960-இல் ஒரு நூல் எழுதினார். ‘யானைக்குத் தும்பிக்கை நீளம்’ என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் அதன் அமைப்பு உடனே பிடிபடும். யானையைப் பேசுபொருளாக வைத்து, அதன் தும்பிக்கையைப் பற்றி ஒரு முழு வாக்கியம் சொல்கிறோம்.

இந்த வாக்கியத்தில் ஓர் ஒலி நுணுக்கமும் உண்டு. ‘ஹன’ என்றால் மூக்கு, தும்பிக்கை. மலருக்கும் ‘ஹன’தான். தனியாகச் சொன்னால் டோக்கியோ பேச்சில் வேறுபாடு கேட்காது. ‘ங’ சேர்த்தால் கேட்கும். மலர் என்றால் ‘ங’வில் குரல் இறங்கும், மூக்கு என்றால் இறங்காது.

தமிழில் ஒரே ‘இல்’. ஜப்பானியத்தில் எப்போது ‘நி’, எப்போது ‘தெ’?

இருப்பது என்றால் ‘நி’, செய்வது என்றால் ‘தெ’.

‘தொஷொகன் நி ஹொன் ங அரிமஸ்’: நூலகத்தில் புத்தகம் இருக்கிறது.
‘தொஷொகன் தெ ஹொன் ஒ யொமிமஸ்’: நூலகத்தில் புத்தகம் படிக்கிறேன்.

வசிப்பது, உட்கார்வது ஆகியவை இருத்தலோடு சேரும். ஆகவே ‘ஓஸக நி ஸுந்தெ இமஸ்’ (ஒசாகாவில் வசிக்கிறேன்), ஆனால் ‘ஓஸக தெ ஹதரய்தெ இமஸ்’ (ஒசாகாவில் வேலை செய்கிறேன்). நிறுவனத்தில் பணியிலிருப்பதைக் குறிக்கும் ‘ட்ஸுதொமெரு’ என்னும் வினை ‘நி’ கேட்கும்: ‘கின்கோ நி ட்ஸுதொமெதெ இமஸ்’ (வங்கியில் பணியிலிருக்கிறேன்). உண்மை நிலவரம் ஒன்றேதான், வினை மாறியதும் ஜோஷி மாறிவிட்டது.

‘அரிமஸ்’ வந்தால் எப்போதும் ‘நி’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கூட்டம், திருவிழா, தேர்வு போன்றவை நிகழ்பவை. அவற்றுக்கு ‘தெ’: ‘கியோதொ தெ கய்கி ங அரிமஸ்’ (கியோட்டோவில் கூட்டம் நடக்கிறது). தமிழில் ‘நடக்கிறது’ என்று மாற்றிச் சொல்ல முடிந்தால் ‘தெ’.

இன்னொரு இணை. பஸ்ஸில் போவது ‘பஸு தெ இகு’, ஏனென்றால் பஸ் இங்கே சாதனம். பஸ்ஸில் ஏறுவது ‘பஸு நி நொரு’, ஏனென்றால் பஸ் போய்ச்சேரும் இடம். குறிப்பேட்டில் எழுதுவதும் ‘நோதொ நி ககு’தான். எழுத்து போய் உட்காரும் இடம் குறிப்பேடு.

‘ஆல்’ என்பதற்கு எது?

கருவி, காரணம், பொருள் என்றால் ‘தெ’. பேனாவால் எழுதுவது ‘பென் தெ ககு’, நோயால் விடுப்பு எடுப்பது ‘பியோகி தெ யஸுமு’, மரத்தால் செய்வது ‘கி தெ ட்ஸுகுரு’. செயப்பாட்டு வாக்கியத்தில் வரும் ஆளுக்கு ‘நி’: ‘ஸென்ஸே நி ஹொமெரரெமஷித’ (ஆசிரியரால் பாராட்டப்பட்டேன்).

‘நாளைக்கு’ என்பதற்கு ‘அஷித நி’ தவறா?

தவறு. தமிழர்களிடம் அடிக்கடி வரும் பிழை இது. ‘இன்னைக்கு’, ‘நாளைக்கு’, ‘அடுத்த வாரத்துக்கு’ என்று எல்லாவற்றிலும் ‘கு’ ஒட்டிப் பேசிப் பழகியதன் விளைவு. பேசும் நேரத்தைப் பொறுத்து மாறும் சொற்களுக்கு ‘நி’ கிடையாது: இன்று (கியோ), நாளை (அஷித), நேற்று (கினோ), அடுத்த வாரம் (ரய்ஷூ). தினமும் (மய்னிச்சி) என்பதற்கும் கிடையாது. நாட்காட்டியிலோ கடிகாரத்திலோ சுட்டிக்காட்டக்கூடிய நேரத்துக்கு ‘நி’ உண்டு: ‘ரொகுஜி நி ஒகிமஸ்’ (ஆறு மணிக்கு எழுவேன்). கிழமைக்கும் வழக்கமாகப் போடுவார்கள். காலை (அஸ), இரவு (யொரு) தனியாக வந்தால் பெரும்பாலும் ‘நி’ இல்லாமலே வரும்.

‘நி’யும் ‘எ’யும் ஒன்றா?

‘இகு’ (போ), ‘குரு’ (வா), ‘கஎரு’ (திரும்பு) ஆகியவற்றோடு இரண்டும் வரும். ‘நி’ இலக்கைக் காட்டும், ‘எ’ திசையைக் காட்டும். ஏறுவது, உட்கார்வது, சந்திப்பது போன்றவற்றுக்கு ‘எ’ வராது. அம்மாவுக்கான கடிதம் என்று பெயரோடு பெயரை இணைக்கும்போது மட்டும் ‘ஹஹ எ நொ தெகமி’ என்றே சொல்ல வேண்டும். ‘நி நொ’ என்ற சேர்க்கை மொழியில் இல்லை.

உருபைச் சரியாகத்தான் மொழிபெயர்த்தேன். பிறகும் தவறு என்கிறார்களே?

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: ‘அஷித நி எகி தெ தொமொதச்சி ஒ அய்மஸ்’. நாளைக்கு ரயில் நிலையத்தில் நண்பனைச் சந்திக்கிறேன் என்பதை உருபுக்கு உருபு மாற்றியது. ‘அஷித’வுக்கு ‘நி’ கூடாது என்று மேலே பார்த்தோம். ‘எகி தெ’ சரி. ‘தொமொதச்சி ஒ’ தவறு. ‘அவு’ என்ற வினை ‘நி’ கேட்கும். சரியான வடிவம்: ‘அஷித எகி தெ தொமொதச்சி நி அய்மஸ்’.

ஜோஷியைத் தீர்மானிப்பது ஜப்பானிய வினைதான். தமிழ் உருபுக்கு அதில் அதிகாரம் இல்லை. வினைச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்வதுதான் இந்தப் பிழைகளுக்கெல்லாம் மூலம். ‘அவு = சந்தி’ என்று எழுதி வைக்காமல் ‘நி அவு = ஒருவரைச் சந்தி’ என்று ஜோஷியோடு எழுதி வையுங்கள். தமிழோடு ஒத்துப்போகாத, தொடக்கத்திலேயே தேவைப்படும் சில:

- நி அவு: ஒருவரைச் சந்தி
- தொ கெக்கொன் ஸுரு: ஒருவரை மணந்துகொள்
- நி ஸவரு: ஒன்றைத் தொடு
- நி கிகு: ஒருவரிடம் கேள்
- நி தென்வ ஸுரு: ஒருவரைத் தொலைபேசியில் அழை
- நி நரு: ஒன்றாக ஆகு (‘இஷ நி நரு’, டாக்டர் ஆகு. தமிழில் உருபே இல்லாத இடம்)
- ஒ ஒரிரு: வண்டியிலிருந்து இறங்கு
- ஒ தெரு: வீட்டைவிட்டு வெளியேறு
- ஒ ஸொத்ஸுக்யோ ஸுரு: பள்ளி, கல்லூரிப் படிப்பை முடித்து வெளியேறு

கடைசி மூன்றையும் கவனியுங்கள். ‘ஒ’ செயப்படுபொருளை மட்டும் காட்டுவதில்லை. விட்டு நீங்கும் இடத்தையும் கடந்துபோகும் இடத்தையும் காட்டும். பாலத்தைக் கடப்பது ‘ஹஷி ஒ வதரு’. இதில் தமிழும் ‘ஐ’தான். தெருவில் நடப்பது ‘மிச்சி ஒ அருகு’. இதில் தமிழ் ‘இல்’, ஆனாலும் ‘ஒ’தான்.

‘புத்தகத்தையும்’ என்பதற்கு ‘ஹொன் ஒ மொ’ வருமா?

வராது. தமிழில் ‘உம்’ எந்த உருபின் மேலும் ஏறும்: புத்தகத்தையும், அவனுக்கும், வீட்டிலும். ஜப்பானியத்தில் ‘மொ’ வந்தால் ‘ங’, ‘ஒ’ இரண்டும் வெளியேறிவிடும். ‘ஹொன் மொ கய்மஷித’ (புத்தகத்தையும் வாங்கினேன்) என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். மற்றவை தங்கும்: ‘தனக ஸன் நி மொ’, ‘எகி தெ மொ’, ‘ஓஸக கர மொ’. ‘வ’வுக்கும் இதே விதிதான்: ‘நி வ’, ‘தெ வ’ உண்டு, ‘ங வ’, ‘ஒ வ’ கிடையாது.

‘அண்ணனும் தம்பியும் வந்தார்கள்’ என்பதை ‘அனி மொ ஒதோதொ மொ’ என்று மாற்றினால் ‘இருவருமே’ என்ற அழுத்தம் ஏறிவிடும். வெறுமனே பட்டியலிட ‘அனி தொ ஒதோதொ’ போதும்.

‘தொ’வும் ‘ய’வும்?

‘தொ’ என்றால் பட்டியல் அவ்வளவுதான். ‘ய’ என்றால் இன்னும் சில உண்டு, எடுத்துக்காட்டாகச் சிலவற்றைச் சொல்கிறேன். இரண்டுமே பெயர்களை மட்டும் இணைக்கும். ‘சாப்பிட்டு, குடித்து’ என்று வினைகளை இணைக்க வினையின் ‘தெ’ வடிவம் வேண்டும் (‘தபெதெ’ போல; இது ‘தெ’ ஜோஷி அல்ல).

‘நொ’ எங்கே தேவை, எங்கே கூடாது?

தமிழில் இரண்டு பெயர்களைச் சும்மா அடுத்தடுத்து வைத்துவிடலாம்: ஜப்பானிய மொழி ஆசிரியர். ஜப்பானியத்தில் நடுவில் ‘நொ’ வேண்டும்: ‘நிஹொங்கொ நொ ஸென்ஸே’. இதைப் பழகியவர்கள் அடுத்து எதிர்ப்பக்கம் சாய்ந்து ‘அகய் நொ குரும’ (சிவப்பு வண்டி) என்று சொல்லத் தொடங்குவார்கள். ‘இ’யில் முடியும் பண்புச்சொற்கள் நேரடியாக ஒட்டும்: ‘அகய் குரும’. இன்னொரு வகைப் பண்புச்சொற்களுக்கு ‘ந’ வரும்: ‘கிரே ந ஹன’ (அழகான மலர்).

எண்ணிக்கையிலும் கவனம் தேவை. ‘ஆப்பிள் மூணு குடுங்க’ என்பதை அப்படியே கொண்டுபோகலாம்: ‘ரிங்கொ ஒ மித்த்ஸு குதஸய்’. ஜோஷி பொருளுக்குப் பின்னால் வரும், எண்ணுக்குப் பின்னால் எதுவும் வராது.

‘மதெ’, ‘மதெ நி’ இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

‘கொஜி மதெ’ என்றால் ஐந்து மணி வரை, செயல் தொடரும். ‘கொஜி மதெ நி’ என்றால் ஐந்து மணிக்குள், செயல் முடியும். அலுவலகத்தில் அறிக்கை கேட்கும்போது இதைத் தவறாகக் கேட்டுக்கொண்டால் சிக்கல்தான்.

‘தகெ’, ‘ஷிக’?

இரண்டும் ‘மட்டும்’. ‘ஷிக’ வந்தால் வினை எதிர்மறையாக வேண்டும், ‘போதாது’ என்ற குறையும் தொனிக்கும்: ‘ஹ்யகுஎன் ஷிக அரிமஸென்’ (நூறு யென்தான் இருக்கிறது). ‘ஷிக அரிமஸ்’ என்பது பிழை.

ஒரே ஜோஷி பல பொருளில் வருகிறதே, எப்படிப் பிரிப்பது?

முன்னால் இருக்கும் சொல்லைப் பாருங்கள். பெயருக்குப் பின் வரும் ‘ங’ எழுவாய்க் குறி. முடிந்த வினைக்குப் பின் வரும் ‘ங’ ‘ஆனால்’. பெயருக்குப் பின் ‘கர’ என்றால் ‘இருந்து’. முடிந்த வாக்கியத்துக்குப் பின் ‘கர’ என்றால் ‘ஆகையால்’. பெயருக்குப் பின் ‘தொ’ என்றால் ‘உம்’ அல்லது ‘ஓடு’. வாக்கியத்துக்குப் பின் வந்து ‘ஒமொவு’ (நினை), ‘இயு’ (சொல்) தொடர்ந்தால் அது ‘என்று’. ‘குரு தொ ஒமொய்மஸ்’ என்பதும் ‘வருவார் என்று நினைக்கிறேன்’ என்பதும் உறுப்புக்கு உறுப்பு ஒன்றே. இந்த ஒரு அமைப்பில் ஆங்கில வழியில் படிப்பவர்களைவிட நாம் வெகு தூரம் முன்னால் நிற்கிறோம்.

‘க’ போட்டால் ‘ஆ’ போலத்தானே?

வாக்கியத்தின் கடைசியில் ஆமாம். ஆனால் தமிழ் ‘ஆ’ எந்தச் சொல்லிலும் ஒட்டும்: ‘நீங்களா செய்தீர்கள்?’, ‘நாளைக்கா போகிறீர்கள்?’. ‘க’ அப்படி வாக்கியத்தின் நடுவில் நுழைந்து ஒரு சொல்லைக் கேள்வியாக்காது. எதில் கேள்வி விழுகிறதோ அதை வேறு வழியில் காட்ட வேண்டும். ஆளின் மேல் என்றால் ‘ங’ அந்த வேலையைச் செய்யும்: ‘தனக ஸன் ங ஷிதன் தெஸ் க’ (தனகாவா செய்தார்?). நேரத்தின் மேல் என்றால் வாக்கியத்தைத் திருப்பிப் போட வேண்டும்: ‘இகு நொ வ அஷித தெஸ் க’ (நீங்கள் போவது நாளைக்கா?). முறையான எழுத்தில் ‘க’ வந்த பிறகு கேள்விக்குறி தேவையில்லை, முற்றுப்புள்ளியே போதும்.

‘நெ’, ‘யொ’ எப்போது?

கேட்பவருக்கும் தெரிந்ததை ஒப்புக்கொள்ளச் சொல்லும்போது ‘நெ’. கேட்பவருக்குத் தெரியாததைச் சொல்லும்போது ‘யொ’. ‘அட்ஸுய் தெஸ் நெ’ (வெயிலாக இருக்கிறது, இல்லையா). மேலதிகாரியிடம் ‘யொ’வை அடிக்கடி போட்டால் பாடம் நடத்துவது போல ஒலிக்கும். பழகும்வரை குறைவாகவே போடுங்கள்.

பேச்சில் ஜோஷியை விட்டுவிடுகிறார்களே?

நண்பர்களிடையே ‘வ’, ‘ங’, ‘ஒ’ உதிரும்: ‘மிஸு நொமு?’ (தண்ணி குடிக்கிறியா?). ‘தெ’, ‘கர’, ‘மதெ’ உதிர்வதில்லை. அவை போனால் பொருளும் போய்விடும். தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் எதையும் விடாதீர்கள்.

பேசும்போது எங்கே மூச்சு விடுவது?

ஜோஷிக்குப் பின்னால். முன்னால் ஒருபோதும் நிறுத்தக் கூடாது. சரியாகப் பிரித்தோமா என்று பார்க்க ஜப்பானியப் பள்ளிகளில் ஒரு வழி சொல்லித்தருகிறார்கள்: ஒவ்வொரு துண்டின் பின்னாலும் ‘நெ’ வைத்துப் பார்ப்பது. ‘வதஷி வ நெ, கினோ நெ, எகி தெ நெ…’. ‘நெ’ இயல்பாக உட்காரும் இடமெல்லாம் நிறுத்தக்கூடிய இடம்.

தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்பதால்தான் இந்த ஒற்றுமையா?

மொழியறிஞர் ஓனோ ஸுஸுமு (1919–2008) அப்படி ஒரு கருத்தை முன்வைத்துப் பல ஆண்டுகள் உழைத்தார். யாழ்ப்பாணத்தின் சண்முகதாஸ் தம்பதியர் உட்படத் தமிழறிஞர்கள் சிலரும் அவரோடு பணியாற்றினார்கள். ஒப்பீட்டு மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. வினை கடைசியில், ஒட்டு பெயருக்குப் பின்னால் என்ற அமைப்பு கொரியம், மங்கோலியம், துருக்கியம் ஆகியவற்றிலும் உண்டு. படிப்பவருக்கு அமைப்பு ஒத்திருப்பதே பெரிய உதவி, அதற்கு இரத்த உறவு தேவையில்லை.

ஒரே வாக்கியத்தில் இரண்டு ‘ஒ’ வரலாமா?

ஒரே வினைக்கு இரண்டு செயப்படுபொருள் ‘ஒ’ வராது. என்4 நிலையில் பிறவினை படிக்கும்போது இது முக்கியம். குழந்தையைப் போகவைப்பது ‘கொதொமொ ஒ இகஸெரு’. குழந்தையைக் காய்கறி சாப்பிடவைப்பது ‘கொதொமொ நி யஸய் ஒ தபெஸஸெரு’. காய்கறி ‘ஒ’வை எடுத்துக்கொண்டதால் குழந்தைக்கு ‘நி’. தமிழில் ‘குழந்தையைக் காய்கறியைச் சாப்பிடவைத்தேன்’ என்று இரண்டு ‘ஐ’ வந்தாலும் காது ஏற்கிறது. அங்கே ஏற்காது.

ஜேஎல்பிடி தேர்வில் நட்சத்திரக் குறி போட்ட வரிசைப்படுத்தும் கேள்விக்கு எப்படித் தயாராவது?

நான்கு துண்டுகளை நான்கு கோடுகளில் அடுக்கி, நட்சத்திரம் உள்ள கோட்டில் எது வரும் என்று சொல்ல வேண்டும். முன்னாலிருந்து படித்துக்கொண்டு போகாதீர்கள். வினையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். ஒரு மாதிரி: ‘கினோ எகி ___ ___ ★ ___ ஹய்ரிமஷித’. துண்டுகள்: மிஸெ (கடை), நி, நொ, ச்சிககு நொ (அருகிலுள்ள).

‘ஹய்ரு’ (நுழை) ‘நி’ கேட்கும் வினை, ஆகவே கடைசிக் கோட்டில் ‘நி’. ‘நி’க்கு முன்னால் பெயர் நிற்க வேண்டும். மீதமுள்ளவற்றில் தனிப் பெயர் ‘மிஸெ’ மட்டும்தான். ‘எகி’க்குப் பின்னால் ‘நொ’, அதன் பின் ‘ச்சிககு நொ’. ‘கினோ எகி நொ ச்சிககு நொ மிஸெ நி ஹய்ரிமஷித’: நேற்று ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள கடைக்குள் நுழைந்தேன். நட்சத்திரத்துக்கு விடை ‘மிஸெ’. பயிற்சியின்போது வாக்கியம் முழுவதையும் எழுதி முடித்த பிறகே விடையைக் குறியுங்கள். மனதுக்குள்ளேயே அடுக்குபவர்கள் மூன்றாவது கோட்டுக்குப் பதில் இரண்டாவதைக் குறித்துவிடுகிறார்கள்.